கடலில் கிடைபோடுதல்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் விடிந்தும் விடியாத நேரம். மீன் ஏலம் இன்னும் தொடங்கவில்லை. தூத்தூர்ப் பையன் ஒருவன் படகின் அடியில் தேங்கிய தண்ணீரை வாளியில் கோரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தான். என்ஜினுக்குக் கீழே கிடக்கும் தண்ணீர். டீசலும் கழிவு ஆயிலும் அதில் கலந்திருக்கும். நான்கு வாளி கொட்டுவதற்குள் படகைச் சுற்றி மயில்கழுத்து நிறத்தில் படலம் விரிந்துவிட்டது. பக்கத்துப் படகுக்காரர் சத்தம் போட்டார். பையன் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை எடுத்துவந்து தண்ணீர்மேல் இரண்டு முறை பீய்ச்சினான். அது விழுந்த இடத்திலிருந்து படலம் விலகி ஓடியது. ஓரங்களில் நூல் நூலாகக் கிழிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் நிறமே இல்லை.

"பாருங்க அண்ணே, தண்ணி சுத்தமாயிட்டு" என்றான்.

"சுத்தமாகல்ல மக்களே, கண்ணுக்கு மறைஞ்சிருக்கு" என்றேன்.

அவனுக்கு அது பிடிபடவில்லை. அவனைக் கடிந்துகொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. அவன் ஒரு குப்பியில் செய்ததை நான் ஒரு காலத்தில் பீப்பாய்க் கணக்கில் செய்திருக்கிறேன்.

நீரில் கொட்டிய எண்ணெயைத் தடுத்து, ஒதுக்கி, அள்ளுவது என் தொழில். வளைகுடாத் துறைமுகங்களிலும் நம் மேற்குக் கரையிலுமாக இருபத்தாறு வருடம் செய்தேன். இப்போது ஓய்வாக விழிஞ்ஞத்தில் இருக்கிறேன். பிறந்த ஊர் கடியப்பட்டணம். அப்பா சிப்பி எடுப்பவர். இடுப்பில் வலைப்பை, கையில் உளி, ஒரு மூச்சு. பாறை இடுக்கில் இறங்கி, ஒட்டிக் கிடக்கும் பழுப்புச் சிப்பியைப் பெயர்த்துக்கொண்டு மேலே வருவார். எங்கள் குமரிக் கரையிலும் இந்த விழிஞ்ஞம் பாறைகளிலும் வளரும் சிப்பி அது. ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு நாளெல்லாம் கடல்நீரை வடிகட்டிச் சாப்பிடும் உயிர். தண்ணீரில் எது கலந்திருந்தாலும் அதன் உடம்புக்குள் போய்விடும். நான் சொல்ல வந்த விஷயம் முழுக்க இந்தச் சிப்பியைச் சுற்றித்தான் இருக்கிறது.

எண்ணெய் தண்ணீர்மேல் ஏன் பரவுகிறது என்பதை என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன். ஓணத்துக்கு இங்கே ஊருக்கு ஊர் வடம் இழுப்பார்கள். அதை நினைத்துக்கொண்டால் போதும். எண்ணெயின் விளிம்பில் நின்று பாருங்கள். வெளிப்பக்கம் இழுப்பது தண்ணீரின் பரப்பு இழுவிசை. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால் வரும் வலு அது. அதன் அளவு 72 என்று வைத்துக்கொள்வோம். உள்பக்கம் இழுப்பவை இரண்டு. எண்ணெயின் சொந்த இழுவிசை ஏறத்தாழ 30. எண்ணெயும் நீரும் தொட்டுக்கொள்ளும் எல்லையின் இழுவிசை ஏறத்தாழ 25. இரண்டும் சேர்ந்து 55. வெளிப்பக்கம் 17 மிச்சம். எண்ணெய் தோற்று வெளியே இழுபடுகிறது. கொட்டியவர் கண்முன்னாலேயே மெலிந்து மெலிந்து விரிகிறது. இதில் காற்றும் நீவாடும், அதாவது நீரோட்டமும், சேர்ந்தால், ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரு படகுத்துறைக்குள் இருந்த எண்ணெய் ஒரு வளைகுடாவையே மூடிவிடும்.

எவ்வளவு மெலியும்? 1770களில் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் கிளாப்பம் என்ற இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டார். அலையடித்துக்கொண்டிருந்த குளத்தில் அரை ஏக்கர் கண்ணாடி போலத் தெளிந்து நின்றது என்று எழுதினார். ஒரு தேக்கரண்டியை அரை ஏக்கருக்குப் பரப்பிக் கணக்குப் போட்டால், படலத்தின் கனம் ஒரு மூலக்கூறின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. அவர் அந்தக் கணக்கைப் போடவில்லை. நூறு வருடம் கழித்துப் பிறர் போட்டார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் படலம் தெரியும். சாளைக் கூட்டத்தைப் பெரிய மீன் அடித்தால் மேலே எண்ணெய் தெளியும். அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் வலையை எங்கே வளைப்பது என்று முடிவு செய்வார்கள்.

நிறத்தைப் பார்த்துக் கனத்தைச் சொல்வது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. வெள்ளி போல மினுங்கினால் ஒரு சதுர கிலோமீட்டரில் 40 முதல் 300 லிட்டர் வரை இருக்கும். வானவில் நிறம் வந்தால் 300 முதல் 5,000 லிட்டர். எண்ணெயின் சொந்தக் கறுப்பே விட்டுப்போகாமல் தெரிந்தால் 2 லட்சம் லிட்டருக்கு மேல். ஆகவே படமெடுக்கிறவர்களும் பத்திரிகைக்காரர்களும் வானவில்லைக் காட்டிப் பதறும்போது நான் கறுப்பு எங்கே என்று தேடுவேன். எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு, பரவிய இடத்தில் பத்தில் ஒரு பங்குக்குள்தான் இருக்கும். அந்தப் பத்தில் ஒன்றைப் பிடிக்கத் தெரிந்தவன்தான் வேலை தெரிந்தவன். வானவில்லைத் துரத்துகிறவன் டீசலைத்தான் செலவழிப்பான்.

இனி என் பழைய கணக்கு. 2000களின் தொடக்கம். மேற்குக் கரையில் ஒரு ஜெட்டி. ஊரும் பெயரும் வேண்டாம். ராத்திரி எரிபொருள் ஏற்றும்போது குழாயின் இணைப்பு கழன்று மூன்று டன் அளவுக்கு ஃபர்னஸ் ஆயில் தண்ணீரில் போய்விட்டது. மிதவை வேலி, நாங்கள் பூம் என்போம், கிடங்கில் சுருட்டிக் கிடந்தது. எடுத்து இழுக்க ஆளும் படகும் சேர விடிந்துவிடும். மறுநாள் காலை அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். "காலையில தண்ணி கறுப்பா இருக்கக் கூடாது" என்றார் மேலாளர். எங்களிடம் டிஸ்பெர்ஸன்ட் இருந்தது. எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்து நீருக்குள் கலந்துவிடும் மருந்து. அந்த இடத்தில் ஆழம் ஆறு மீட்டர். அங்கே அடிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அடித்தேன். விடிந்தபோது தண்ணீர் பழுப்பாக இருந்தது. பத்து மணிக்குச் சாதாரணமாகிவிட்டது. வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் நீர் வற்றிய நேரத்தில் கல்சுவர் ஓரமாக நடந்தேன். சிப்பிகள் வாய் பிளந்து கிடந்தன. உயிருள்ள சிப்பியை விரலால் தொட்டால் டக்கென்று மூடிக்கொள்ளும். நான் தொட்டவை மூடவில்லை. ஒன்றைப் பெயர்த்து மோந்து பார்த்தேன். சதைக்குள்ளிருந்து ஃபர்னஸ் ஆயில் வாடை வந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மீனுன்னா நீந்திப் போயிரும். சிப்பிக்குக் காலு இல்லல்லா" என்றார். அதற்குப் பிறகு ஆழம் பார்க்காமல் நான் பம்பைத் தொட்டதில்லை.

அந்த மருந்தை மொத்தமாக வெறுக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆழ்கடலில், கரை தூரத்தில் இருக்கும்போது, அலையடித்துப் பூம் நிற்காதபோது அதுதான் கைகொடுக்கும். கீழே கலந்துபோக நிறையத் தண்ணீர் இருக்கிறது. துளிகளைத் தின்னப் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. துளி சிறிதாகச் சிறிதாக அவற்றுக்குப் பந்தி பெரிதாகும். ஆனால் பார்த்து அடிக்க வேண்டும். எண்ணெய்மேல் அடித்து அலை ஒன்று புரட்டியதும் பால் சேர்த்த காப்பி நிறத்தில் ஒரு மேகம் நீருக்குள் விரிந்தால் மருந்து வேலை செய்கிறது. வெறும் பால் நிறத்தில் விரிந்தால் மருந்து எண்ணெயைத் தொடாமல் தண்ணீரில் போகிறது; பணமும் நஷ்டம், கடலுக்கு நஞ்சும்கூட. மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். மருந்து எண்ணெய்க்குப் பக்கத்துத் தண்ணீரில் விழுந்ததும் எண்ணெய் சரசரவென்று ஒதுங்கிப் பின்னல் துணி மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும். நடுவில் சுத்தமான நீர் தெரியும். "சார், கரையுது!" என்று கத்துவார்கள். ஒரு சொட்டும் கரைந்திருக்காது. எண்ணெய் வேறு இடத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

ஃபர்னஸ் ஆயிலுக்கு நேரமும் குறைவு. கடலில் கிடந்து அலையில் அடிபட அடிபட அது தண்ணீரைத் தனக்குள் குடிக்கும். நான்கில் மூன்று பங்கு தண்ணீர் வரை குடித்துக் கெட்டியான களி மாதிரி ஆகும். ஒரு டன் கொட்டியது நான்கு டன்னாகக் கிடக்கும். அந்த நிலைக்கு வந்தபின் எந்த மருந்தும் அதற்குள் ஏறாது.

1967இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் ஏறியது. அன்று கையில் இருந்த சலவை மருந்துகளை ஏறத்தாழ 10,000 டன் அள்ளி அடித்தார்கள், பாறைகளின்மேலும்கூட. பாறையில் ஒட்டி வாழும் நத்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. எண்ணெய் பட்டும் மருந்து அடிக்காமல் விட்ட பாறைகள் சில வருடங்களில் பழையபடி உயிர் பிடித்தன. மருந்து அடித்துக் கழுவிய பாறைகளுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. இன்றைய மருந்துகள் அன்றைய அளவு நஞ்சு அல்ல, அது உண்மைதான். ஆனாலும் கரையோரத்தில், ஆழமில்லாத தண்ணீரில், சிப்பிப் பாறைமேல் எண்ணெயைக் கலைக்கக் கூடாது. கூட்டத்தான் வேண்டும்.

கூட்டுவதற்கும் வேதியியல் இருக்கிறது. பலருக்குத் தெரியாதது அதுதான்.

அன்று அந்தப் பையனைக் கையைப் பிடித்துப் படகின் மறுபக்கம் கூட்டிப்போனேன். அங்கே கல்கட்டுக்கும் இரண்டு படகுகளுக்கும் இடையில் எண்ணெய் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பட்டையாக ஒதுங்கி நின்றது. அவன் சோப்பு இரண்டு வேலை செய்திருந்தது. ஒரு பகுதி எண்ணெயை உடைத்து உள்ளே இறக்கிவிட்டது. மீதியைச் சுவரோரம் துரத்தி நெருக்கிவிட்டது. "இதத்தான் சொன்னேன்" என்றேன். பிறகு அவன் படகிலிருந்த எவர்சில்வர் தட்டை வாங்கி, கடல்நீர் நிரப்பி, அதில் கழிவு ஆயில் நாலு சொட்டு விட்டேன். தட்டு முழுக்கப் படலம் பரவியது. ஈர்க்குச்சி ஒன்றின் நுனியில் சோப்பு தொட்டு, தட்டின் ஓரத்தில், எண்ணெய் இல்லாத தண்ணீரில் மட்டும் வைத்தேன். படலம் முழுதும் எதிர் ஓரத்துக்கு ஓடிச் சுருண்டது. முன்பு வானவில்லாக இருந்தது இப்போது கறுப்புப் பிறையாக நின்றது. அதே எண்ணெய்தான், பரப்பு பத்தில் ஒன்று, கனம் பத்து மடங்கு. பையன் குச்சியை என்னிடமிருந்து வாங்கித் தானே இன்னொரு முறை செய்து பார்த்தான்.

வடம் இழுப்புக் கணக்கு இங்கே திரும்ப வருகிறது. எண்ணெயைச் சுற்றியுள்ள தண்ணீரின்மேல் ஒரு மூலக்கூறு கனத்துக்கு மட்டும் ஒரு பொருளைப் பரப்பினால் தண்ணீரின் இழுவிசை 72இலிருந்து 30 அருகே விழுந்துவிடும். உள்ளே இழுக்கும் 55 இப்போது ஜெயிக்கும். எண்ணெய் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு தடிக்கும். சோப்பு இதற்கு மோசமான பொருள், ஏனென்றால் அது நீரில் கரைந்து எண்ணெயை உடைக்கவும் செய்கிறது. நல்ல பொருள் நீரிலும் கரையாது, எண்ணெயோடும் கலக்காது. இரண்டுக்கும் நடுவே தோல்போல மட்டும் கிடக்கும். ஆங்கிலத்தில் அதற்கு ஹெர்டர் என்று பெயர், மேய்ப்பன் என்ற பொருளில். நான் பயிற்சியில் கிடைபோடும் மருந்து என்றே சொல்வேன். அறுவடை முடிந்த வயலில் சிதறி மேயும் ஆட்டை நான்கு பக்கமும் மறித்து ஓரிடத்தில் கிடை போடுவார்கள் அல்லவா, அதே வேலை. ஆட்டின்மேல் கல்லெறிய மாட்டார்கள். ஆட்டைச் சுற்றித்தான் நடப்பார்கள். இந்த மருந்தையும் எண்ணெய்மேல் விடக் கூடாது. எண்ணெயைச் சுற்றியுள்ள நீரில் வளைத்து விட வேண்டும்.

1970களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் கண்டெடுத்த ஹெர்டரில் முக்கியப் பொருள் ஸ்பான்-20. குளுக்கோஸிலிருந்து வரும் சார்பிட்டாலையும் லாரிக் அமிலத்தையும் சேர்த்தால் கிடைப்பது. தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதி இந்த லாரிக் அமிலம்தான். தேங்காய் விளையும் இந்தக் கரையில் இதைச் சொல்லும்போது என் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இன்னொன்றும் சொல்வேன். கலைக்கும் மருந்துகளில் சேரும் ஸ்பான்-80, ட்வீன்-80 இரண்டும் இதே குடும்பம். கூட்டுவதும் கலைப்பதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எந்தக் கொழுப்பமிலம், எவ்வளவு நீர் விரும்பும் தன்மை, எங்கே ஊற்றுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

2008இல் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே பேரன்ட்ஸ் கடலில், பூம் எதுவும் இல்லாமல் ஹெர்டரால் எண்ணெயைக் கூட்டி, தீ வைத்து எரித்துக் காட்டினார்கள். எண்ணெய் நீர்மேல் எரிய வேண்டுமானால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமாவது வேண்டும். இல்லாவிட்டால் கீழே இருக்கும் தண்ணீர் சூட்டை உறிஞ்சித் தீயை அணைத்துவிடும். பனிக்கட்டிகளுக்கு நடுவே பூம் இழுக்க முடியாத இடத்தில் அந்தக் கனத்தை ஹெர்டர் கொடுத்தது. 2015இல் நியூயார்க் சிட்டி கல்லூரியில் ஜார்ஜ் ஜானும் உடனிருந்தவர்களும் பைட்டால் என்ற பொருளிலிருந்து, இலைப் பச்சையத்தில் இருப்பது அது, தானே சிதைந்து மறையும் ஹெர்டர் ஒன்றைச் செய்தார்கள். சிலிகோன் வகை ஹெர்டர்கள் கடலில் நெடுநாள் கிடக்கும் என்ற கவலைக்கு அது நல்ல பதில்.

ஆனால் கச்சான் காற்று வீசும் எடவப்பாதி மழைக்காலத்தில் விழிஞ்ஞத்துக்கு வெளியே இந்த மருந்தை நம்பி நான் இறங்க மாட்டேன். ஒரு மூலக்கூறு கனத் தோல் அலை உடைந்தால் கிழியும். அதற்கு அமைதியான தண்ணீர் வேண்டும். துறைமுகத்துக்குள், ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளும் இந்த அலைத்தடுப்புச் சுவரின் உள்பக்கம், படகுகளுக்கு இடையே பூம் நுழையாத சந்துகளில் எண்ணெயை, அதை அள்ளும் இயந்திரமான ஸ்கிம்மர் இருக்கும் பக்கம் ஒதுக்க அது அருமையான பொருள். அதை நம் துறைமுகங்களில் முறையாகச் சோதித்து, அளவு வகுத்து, அனுமதி கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பூமையும் பலர் மதில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீரோட்டம் முக்கால் நாட் வேகத்தைத் தொட்டாலே, அதாவது ஒருவர் மெதுவாக நடக்கும் வேகத்தில் பாதி வந்தாலே, நேர்க்குறுக்கே போட்ட பூமுக்கு அடியில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக நழுவிவிடும். ஆகவே குறுக்கே போடக் கூடாது. சாய்த்துப் போட வேண்டும். ஓட்டம் எவ்வளவு வேகமோ அவ்வளவு சாய்வு. எண்ணெய் பூமை ஒட்டி வழுக்கிக் கரைப்பக்கம் ஓர் அமைதியான மூலைக்கு வந்து சேரும்; அங்கே ஸ்கிம்மரை இறக்கினால் தட்டுகளில் எண்ணெய் ஒட்டும், நீர் ஒட்டாது. அந்த மூலை எது என்பதை எந்த வரைபடமும் எனக்குச் சொன்னதில்லை. ஒவ்வொரு ஊரிலும் குப்பையும் பாசியும் எங்கே ஒதுங்கும் என்று கரைமடி வலை இழுக்கிறவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே டான் காஞ்சிபுரம், பிடபிள்யூ மேப்பிள் என்ற இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. பிந்தைய நாட்களில் கடற்கரையில் வாளியோடு நின்ற இளைஞர்களின் படம் உலகமெல்லாம் போனது. வாளியைப் பார்த்துப் பலரும் கேலி பேசினார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. கரைக்கு வந்தபோது அது எண்ணெயே அல்ல, தண்ணீர் குடித்த களி. கற்களுக்கு இடையே இறுகிக் கிடந்தது. உறிஞ்சும் இயந்திரங்கள் திணறிப்போயின. அந்த நிலையில் வாளியும் கையும்தான் சரியான கருவி. தவறு வாளியில் இல்லை. முதல் சில மணி நேரத்தில் எண்ணெய் எண்ணெயாக இருந்தபோது அதை வளைக்காமல் விட்டதுதான் தவறு. அந்தப் பிள்ளைகளில் பலர் கையுறை இல்லாமல் நின்றது அதைவிடப் பெரிய தவறு.

பிறகு எங்கள் முறை வந்தது. 2025 மே 2ஆம் தேதிதான் விழிஞ்ஞம் சரக்குத் துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டிருந்தது. மே 23ஆம் தேதி எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குப் பெட்டிக் கப்பல் இங்கிருந்து கொச்சிக்குப் புறப்பட்டது. மறுநாள் பருவமழை கேரளத்தில் இறங்கியது. 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. அன்றே கப்பல் கொச்சிக்குத் தென்மேற்கே சுமார் 38 கடல் மைல் தூரத்தில் சாய்ந்தது. மே 25 காலை மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். கப்பலில் 640 பெட்டிகள். 13இல் ஆபத்தான சரக்கு, 12இல் கால்சியம் கார்பைடு. எரிபொருளாக 84.44 டன் டீசலும் 367.1 டன் ஃபர்னஸ் ஆயிலும் இருந்தன.

செய்தி கேட்டதும் நான் முதலில் கேட்டது ஆழம் என்ன என்றுதான். ஐம்பது மீட்டர் என்றார்கள். கரையிலிருந்தும் தூரம். கடலோரக் காவல்படை டோர்னியர் விமானத்திலிருந்தும் கப்பல்களிலிருந்தும் டிஸ்பெர்ஸன்ட் அடித்தது. அந்தக் கடலில், அந்த அலையில் பூம் நிற்காது; ஹெர்டர் தங்காது. கலைப்பதே சரி. நான் பம்பில் நின்றிருந்தாலும் அதையே செய்திருப்பேன். அதே மருந்தை இந்தப் பாறையோரத்தில் ஏன் மறுக்கிறேன் என்பதும் இதில் புரியும். மருந்து ஒன்றுதான், இடம் வேறு.

கரைக்கு வந்து சேர்ந்தது வேறு பொருள். பருவமழைக் காலத்தில் இந்தக் கடலோர நீரோட்டம் வடக்கிருந்து தெற்கே ஓடும். அதில் ஏறிப் பெட்டிகள் கொல்லம் கரைக்கும், அவற்றிலிருந்து சிந்திய வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள் கொச்சுவேளிக்கும், அதற்குத் தெற்கே எங்கள் குமரிக் கரைக்கும் வந்தன. மணலில் கைவிட்டு அள்ளினால் ஜவ்வரிசி போல விரல்களுக்கு இடையே உருண்டது. சல்லடை வைத்துச் சலித்தார்கள் பெண்களும் பிள்ளைகளும். அந்த மணிகளும் எண்ணெய் குலத்தவைதான். நீரை ஒதுக்கி எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் மேற்பரப்பு அவற்றுக்கு. கடலில் எங்கே படலம் இருந்தாலும் உடம்பில் பூசிக்கொண்டு வரும். மீன் அதை முட்டை என்று நினைத்து விழுங்கும். பல வாரம் சந்தையில் மீன் வாங்க ஜனம் தயங்கியது. கடலில் கொட்டியது யாரோ. கூடையோடு உட்கார்ந்து திரும்பிப் போனவர்கள் எங்கள் பெண்கள்.

இந்தத் தொழிலில் எனக்கு நம்பிக்கை தருவது விழிஞ்ஞத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையடிவாரத்தில், விதுரையில் ஐசர் என்னும் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே பேராசிரியர் கானா எம். சுரேஷனும் அண்ணாமலை பிரதாப்பும் 2017இல் ஒரு பொருளை வெளியிட்டார்கள். மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலிலிருந்து செய்த சேர்மத்தை மரக்கூழ் நாரில் ஏற்றியது. கூழ் நார் இயல்பாகத் தண்ணீரைக் குடிக்கும். இந்தச் சேர்மம் மேலே படிந்ததும் நீரை விலக்கி எண்ணெயை மட்டும் உள்ளே விடும். உள்ளே போன எண்ணெயில் சேர்மம் கொஞ்சம் கரைந்து, வலை பின்னி, எண்ணெயை அல்வா மாதிரி இறுக்கிவிடும். தன் எடையைப் போல 16 மடங்கு எண்ணெயைப் பிடிக்கும். வடித்தால் எண்ணெயும் திரும்பக் கிடைக்கும். இதற்கு முன்பு வந்த இறுக்கும் மருந்துகளை ஏதாவது ஒரு கரைப்பானில் கலந்து தெளிக்க வேண்டியிருந்தது. கரைப்பானும் கடலுக்கு விஷம். இதைத் தவிட்டைத் தூவுவது போலத் தூவினால் போதும், வலைக்கூடையால் அள்ளிவிடலாம். என் கைக்கு இது இருபது வருடம் முன்னால் வந்திருந்தால் அந்த ஜெட்டியில் பம்பைத் தொட்டிருக்க மாட்டேன். ஆய்வகத்தில் இருக்கும் இதுபோன்ற பொருள் மூட்டைகளில் ஏறித் துறைமுகக் கிடங்குகளுக்கு வர வேண்டும்; வராவிட்டால் அது கட்டுரையாகவே நின்றுவிடும்.

துறைமுகம் இப்போது பெரிதாகிவிட்டது. சர்வதேசக் கப்பல் பாதை இங்கிருந்து சுமார் பத்து கடல் மைல்தான். துறைமுகத்தில் பூமும் ஸ்கிம்மரும் இருக்கிறதா, ஆள் தயாரா என்று கேட்கச் சட்டம் இருக்கிறது. 700 டன் வரையான கசிவைத் துறைமுகமே சமாளிக்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் விதி. கப்பலின் அடித்தண்ணீரில் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இருந்தால் கடலில் விடக் கூடாது. நம் படகுகளின் அடித்தண்ணீரைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அதனால் படகுக்காரர்களிடம் நேராகவே கேட்டுக்கொள்கிறேன்.

அடித்தண்ணீரில் சோப்பு ஊற்றாதீர்கள். சோப்பு பட்ட எண்ணெய் எந்தத் தொட்டியிலும் பிரிந்து மேலே வராது. பிறகு அதைத் தனியே எடுக்க வழியே இல்லை. அதற்குப் பதில் இலவம்பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாரின்மேல் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. நார் உள்ளே குழலாக இருக்கிறது. தண்ணீரைத் தொடாது; டீசலைத் தன் எடையைப் போல முப்பது மடங்கு வரை குடிக்கும். பழைய தலையணை ஒன்றைப் பிரித்து, பஞ்சைத் தளர்வாக, இறுக்கித் திணிக்காமல், கொசுவலைத் துணியில் தைத்து என்ஜினுக்குக் கீழே போட்டுவிடுங்கள். தண்ணீரை இறைப்பதற்கு முன் எடுத்து ஒரு டப்பாவுக்குள் பிழியுங்கள், மறுபடி போடுங்கள். பிழிந்த எண்ணெயைக் கழிவு ஆயில் வாங்குகிறவரிடம் கொடுங்கள். தென்னை நார் வேண்டாம்; பதப்படுத்தாத நார் தண்ணீரையும் சேர்த்துக் குடித்துவிடும்.

அந்தத் தூத்தூர்ப் பையன் இரண்டு தலையணை தைத்துப் போட்டிருக்கிறான். இன்னும் ஒன்று: கடலில் கறுப்புப் படலத்தைப் பார்த்தால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல், இடத்தையும் நேரத்தையும் காற்று அடிக்கும் திசையையும் குறித்துக்கொண்டு உடனே கடலோரக் காவல்படைக்குச் சொல்லுங்கள். எண் 1554. கட்டணம் இல்லை.